ஒரு டஜன் அரக்கர்கள் போதும்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்காக கேரி கைகாக்ஸ் எழுதிய ‘மான்ஸ்டர் மேனுவல்’ 1977-ல் வெளிவந்தபோது அதில் 350-க்கும் மேற்பட்ட ஜந்துக்கள் இருந்தன. 2025 பிப்ரவரியில் அதே பெயரில் வந்த புதிய பதிப்பில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. இடையில் 1981-ல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’, 1983-ல் இரண்டாம் தொகுதி, 1989-ல் கோப்பில் செருகிவைக்கும் தனித் தாள்கள் என்று வேறு புத்தகங்களும் வந்தன. போட்டி நிறுவனங்கள் அச்சிட்டதையும் சேர்த்தால் கணக்குப் பார்ப்பது வீண். முதன்முறையாக ஆட்டம் நடத்த உட்காரும் ஒருவர் இந்தக் கூட்டத்தில் எதைத்தான் எடுப்பது?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். அவர் இடத்தையும் எதிரியையும் வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் காட்சிகளில் அந்தப் பையன்கள் ஆடுவது இதைத்தான். அவர்கள் அலறும் டெமோகார்கன் என்ற பெயர் 1976-லேயே இந்த ஆட்டத்தின் துணைநூல் ஒன்றில் வந்துவிட்டது.

ஜந்துக்கள் இவ்வளவு பெருகியதற்கு ஆட்டம் பிறந்த விதமே காரணம். அதை உருவாக்கிய கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடிய கூட்டத்திலிருந்து வந்தவர்கள். 1974-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவிலிருந்து டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட முதல் மூன்று சிறு நூல்களில், காப்ளின் என்ற குள்ள அரக்கர்கள் ஒரு தடவைக்கு 40 முதல் 400 வரை வருவார்கள் என்று அட்டவணை சொல்கிறது. நான்கு பேர் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுரங்கத்தில் நடக்கும் கதைக்கான எண் இல்லை இது, படைக்கணக்கு. பிறகு ஆட்டம் சுரங்கத்துக்குள் குறுகியபோது, பழகிப்போன எதிரிகள் சலிக்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களைத் திகைக்க வைக்கப் புதிது புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது.

கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்தார்கள். கிரேக்கக் கதையிலிருந்து மினோட்டார், டோல்கீனிடமிருந்து ஓர்க். வெட்ட வெட்ட உடம்பு ஒட்டிக்கொள்ளும் ட்ரோல், போல் ஆண்டர்சனின் ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ நாவலின் சொத்து. இருக்குமிடத்துக்குப் பக்கத்தில் தெரியும் டிஸ்ப்ளேசர் பீஸ்ட், ஏ. இ. வான் வோக்ட் 1939-ல் எழுதிய அறிவியல் சிறுகதையின் விலங்கைப் பார்த்துச் செய்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளின் கதை. ஹாங்காங்கில் செய்த, ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்ற பெயரில் பையோடு விற்ற உருப்படாத பொம்மைகளை கைகாக்ஸ் மேஜையில் வைக்க வாங்கி வந்தார். எந்த வரலாற்றிலும் இல்லாத அந்த உருவங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்ததில்தான் ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேரும், இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும், நிலத்துக்கடியில் நீந்தி வரும் புலெட்டும் உண்டாயின.

இப்படிச் சேர்ந்த கூட்டத்திலிருந்து தேர்வு செய்ய ஐம்பது ஆண்டுகளில் பல வழிகள் சொல்லப்பட்டன.

முதல் வழி, எண். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்த மறு ஆண்டே, 1975-ல், அரிசோனாவைச் சேர்ந்த கென் செயின்ட் ஆண்ட்ரே ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்று எளிமையான ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு ஜந்துவுக்கு மான்ஸ்டர் ரேட்டிங் என்ற ஒற்றை எண் போதும்; அதன் பலம், தாக்குதல், உயிர் எல்லாம் அந்த எண்ணிலிருந்தே வரும். இன்றும் அவசரத்துக்கு அதைவிடச் சுலபமான முறை கிடையாது. 2000-ல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பு சேலஞ்ச் ரேட்டிங் என்ற அளவைப் புகுத்தியது. ஓய்வெடுத்த, ஆயுதம் பூண்ட நால்வர், அனுபவத்தால் ஏறிய தம் நிலைக்குச் சமமான ரேட்டிங் உள்ள ஒரு ஜந்துவை யாரும் சாகாமல் வெல்ல முடியும் என்பது 2014-ன் ஐந்தாம் பதிப்பு தந்த விளக்கம். காப்ளினுக்கு கால், ஓகருக்கு 2, ட்ரோலுக்கு 5, வயது முதிர்ந்த சிவப்பு டிராகனுக்கு 24.

இந்த எண் பயனுள்ளதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது பலத்தைவிடத் தரப்புக்கு எத்தனை முறை கை ஓங்க வாய்ப்பு என்பதுதான். நால்வர் சேர்ந்து ஒரு பெரிய ஜந்துவைச் சூழ்ந்துகொண்டால், அது ஒருமுறை அடிப்பதற்குள் இவர்கள் நான்குமுறை அடித்துவிடுவார்கள். கேம் மாஸ்டர் வாரம் முழுக்க ஆசையாய்த் தயாரித்த வில்லன் இரண்டு சுற்றில் விழுவான். ஐந்தாம் பதிப்பு பெரிய ஜந்துக்களுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் என்று, மற்றவர் முறை முடிந்ததும் இடையில் பாயும் உரிமையைக் கொடுத்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். எதிர்த்திசையிலும் இதே கணக்கு. அற்பமான எட்டுப் பேர் சேர்ந்தால் எண் சொல்வதைவிட ஆபத்து அதிகம். 2014-ன் விதிநூலே மூன்று முதல் ஆறு எதிரிகள் இருந்தால் மொத்தத்தை இரட்டிப்பாக்கிக் கணக்கிடச் சொன்னது. 2024-ல் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கணக்கு சுலபமானது, ஆபத்து அப்படியே இருக்கிறது.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆட்ட உலகில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1987 நவம்பரில், இந்த ஆட்டத்துக்கான ‘டிராகன்’ இதழின் ஆசிரியர் ரோஜர் மோர் தலையங்கத்தில் எழுதியது: டக்கர் என்ற கேம் மாஸ்டரின் சுரங்கத்தில் முதல் தளத்தில் கோபோல்டுகள் இருந்தன. ஒரே அடிக்குச் சாகும் குட்டிப் பல்லி மனிதர்கள். ஆனால் அவை சுவர்த் துளை வழியே அம்பு விட்டன, வழியை அடைத்துத் தீ வைத்தன, ஒருபோதும் நேருக்கு நேர் நிற்கவில்லை. பல நிலை ஏறிய வீரர்கள் அடித்தளத்தின் பெரும் பேய்களைவிட முதல் தளத்தின் கோபோல்டுகளுக்கு அஞ்சினார்கள். கோபோல்டின் சேலஞ்ச் ரேட்டிங் இன்றைக்கு எட்டில் ஒன்று.

இரண்டாம் வழி, இடம். இந்தக் காட்டில் என்ன வாழும், இந்தக் குகையில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று கேட்பது. 1983 ஏப்ரலில் ‘டிராகன்’ இதழ் குகைக் கூரையில் சுண்ணாம்புக் கூம்பு போலத் தொங்கி, கீழே நடப்பவர் மேல் விழும் பியர்சரின் ‘வாழ்வியல்’ பற்றி அரைக்கிண்டலாக ஒரு கட்டுரை வெளியிட்டது. அது நீண்டதொரு தொடருக்கு வித்தானது. ஆனால் இடம் என்ற வழியை உண்மையில் நடத்திக் காட்டிய நூல் அதற்கு முந்தையது. கைகாக்ஸ் எழுதி 1979-ல் வந்து, புதியவர்களுக்கான பேசிக் செட் பெட்டியோடு எண்ணற்ற வீடுகளுக்குப் போன ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’. ஒரே பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் குகைகள். ஒன்றில் கோபோல்டுகள், இரண்டில் ஓர்க்குகள், ஒன்றில் காப்ளின்கள், இன்னும் ஹாப்காப்ளின், பக்பேர், நோல், தனியாக ஒரு மினோட்டார். இத்தனை இனம் இவ்வளவு நெருக்கத்தில் என்ன சாப்பிட்டு வாழ்கின்றன என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி நியாயம்தான். ஆனால் அந்தக் குகைகளுக்குள் உறவும் பகையும் இருக்கின்றன. காப்ளின்கள் மாட்டிக்கொண்டால் பக்கத்துக் குகை ஓகரின் மறைவழியில் 250 பொற்காசு உள்ள பையை எறியும். ஓகர் வந்து அவர்களுக்காகச் சண்டை போடும். இதைக் கண்டுபிடிக்கும் வீரர்கள் அடுத்த தடவை ஓகரிடம் தாங்களே பேரம் பேசப் போவார்கள். கூலிக்கு அடிக்கும் தடியன் என்ற ஒரே தகவலில் ஓர் இரவு ஆட்டம் பிறந்துவிடுகிறது.

மூன்றாவது, நடத்தை. 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிநூல் ஒவ்வொரு ஜந்துவுக்கும் மொரேல் என்று ஓர் எண் கொடுத்தது. கூட்டத்தில் முதல் ஆள் விழும்போதும் பாதிப் பேர் விழும்போதும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். மொரேல் எண்ணைத் தாண்டினால் எதிரிகள் ஓடிவிடுவார்கள். சந்தித்த முதல் கணத்தில் அவர்கள் பாய்வார்களா, தயங்குவார்களா, நட்பாகப் பேசுவார்களா என்பதற்கும் பகடை உண்டு. பின்னாளில் பதிப்புகள் இதை ஓரங்கட்டின. இந்த ஆட்டத்தின் வரலாற்றில் நடந்த வருந்தத்தக்க நீக்கங்களில் ஒன்று இது என்பேன். சாகும்வரை நிற்கும் எதிரி அலுப்பூட்டுவான். ஓடுகிறவனைத் துரத்துவதா விடுவதா என்பது கதை. கீத் அம்மான் 2016-ல் தொடங்கி எழுதி, 2019-ல் ‘தி மான்ஸ்டர்ஸ் நோ வாட் தேர் டூயிங்’ என்று நூலாக்கிய கட்டுரைகள் இந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டின. புள்ளிவிவரத்தில் அறிவு குறைந்து வேகம் மிகுந்த ஜந்து எப்படிச் சண்டையிடும், எப்போது பின்வாங்கும் என்று ஒவ்வொன்றாக அலசியவர் அவர்.

நான்காவது வழி, புகழ். பதினோரு கண் கொண்ட உருண்டையான பிஹோல்டர், மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயர், 2014-ன் ஐந்தாம் பதிப்பில் 676 ஹிட் பாயின்ட் என்ற உயிர்க்கணக்கோடு ஊரையே விழுங்க வரும் டராஸ்க். அட்டைப்படத்துக்கு அழகு. புதிதாக நடத்துபவரின் மேஜைக்கு வேண்டாம். பிஹோல்டரின் ஒவ்வொரு கண்ணும் தனி மந்திரம். சுற்றுக்குச் சுற்று அதை நினைவில் வைத்து நடத்துவதற்குள் ஆட்டக்காரர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். டராஸ்க்கோ ஒரேயொரு கேள்விதான் கேட்கும்: உங்களிடம் போதிய பலம் உண்டா? அதற்குப் பதில் ஆம் அல்லது இல்லை.

என் அளவுகோலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு ஜந்து மேஜையில் இருப்பவர்களை என்ன முடிவெடுக்க வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரே முடிவைக் கோரும் இரண்டு ஜந்துக்கள் இருந்தால் ஒன்றைத் தள்ளிவிடலாம். இப்படிச் சலித்தால் 500 ஜந்துக்கள் உள்ள புத்தகம் ஒரு டஜனாகச் சுருங்கும்.

கீழ்மட்டம் சுலபம். மனிதக் கொள்ளைக்காரர்கள் கட்டாயம் வேண்டும். பேசவும் சரணடையவும் காட்டிக்கொடுக்கவும் தெரிந்த எதிரி அவர்கள்தான். டக்கர் கதையை மனதில் வைத்து, கோபோல்டு அல்லது காப்ளின், இரண்டில் ஒன்று. பாதுகாப்பாக எங்கே நிற்பது என்று யோசிக்க வைக்கும் ஓநாய்க் கூட்டம், அச்சமோ பேரமோ இல்லாத எலும்புக்கூடுகள், கூலிக்கு அடிக்கும் அந்த ஓகர். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

பிணந்தின்னியிலிருந்து விஷயம் ருசிக்கிறது. அதன் நகம் பட்டவர் அசைவற்றுப் போவார். ஹிட் பாயின்ட் குறைவதற்கு யாரும் பெரிதாக அஞ்சுவதில்லை. நண்பன் கல்லாய் நிற்க, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா நின்று போராடுவதா என்பதற்கு அஞ்சுவார்கள். ட்ரோல் இன்னொரு வகை. 2014-ன் ஐந்தாம் பதிப்பில் தன் முறை தொடங்கும்போதெல்லாம் அதற்கு 10 ஹிட் பாயின்ட் திரும்பும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறையில் திரும்பாது. இது தெரியாதவர்கள் வெட்டி ஓய்ந்து, பிறகு கண்டுபிடிக்கும் தருணம் அருமையானது. தொல்லை என்னவென்றால் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அப்படிப்பட்ட மேஜையில் ட்ரோலின் நிறத்தையும் பெயரையும் மாற்றி, நெருப்புக்குப் பதில் உப்பு என்று வைத்துவிட வேண்டும். ஊர்க் கிழவி ஒருத்தி வாசலில் ஏன் உப்புக்கோடு போடுகிறாள் என்று முன்கூட்டியே காட்டிவிட்டால் ஏமாற்றியதாகவும் ஆகாது.

ஜெலட்டினஸ் கியூப் வேறு எங்கும் பிறந்திருக்க முடியாது. பத்தடிக்குப் பத்தடி தாழ்வாரங்களைக் கட்டம்போட்ட தாளில் வரைந்த ஒருவர், அந்தத் தாழ்வாரத்தை அச்சாக அடைத்துக்கொண்டு நகரும் பத்தடிக் கண்ணாடிக் கூழ் ஒன்றைக் கற்பனை செய்தார். வழியில் கிடப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு போகும். வேகம் மிகக் குறைவு, புத்தி இல்லை. சுத்தமாகப் பெருக்கினது போலிருக்கும் தரையையும், அந்தரத்தில் மிதக்கும் எலும்பையும் பார்த்துப் புரிந்துகொள்பவர் பிழைப்பார். கவனிப்பதற்கே பரிசு தரும் எதிரி இதைப்போல இன்னொன்று இல்லை. மூடியைத் தொட்டால் கடிக்கும் பெட்டியான மிமிக்கையும் சிலர் இந்த வரிசையில் வைப்பார்கள். நான் வைக்கமாட்டேன். ஒருமுறை கடி வாங்கிய கூட்டம் அதன்பின் ஒவ்வொரு நாற்காலியையும் ஈட்டியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்கும்; ஆட்டம் ஊர்ந்துபோகும்.

ரஸ்ட் மான்ஸ்டர் ஆளைக் கொல்ல வருவதில்லை. இரும்பு வாளையும் கவசத்தையும் துருவாக்கித் தின்னும், அவ்வளவே. அதன் சேலஞ்ச் ரேட்டிங் அரை. ஆனால் வாளில் உயிரை வைத்திருக்கும் வீரன் அதைக் கண்டு ஓடுவான், கையில் வெறும் தடி வைத்திருக்கும் மந்திரவாதி சிரித்துக்கொண்டே முன்னே வருவான். ஒரே ஜந்து ஆளுக்கு ஆள் வேறு முகம் காட்டுகிறது. இரும்பு ஆணிகளை எறிந்து அதைத் திசைதிருப்பலாம் என்று யாருக்காவது தோன்றினால் அதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்தது உருமாறி. புத்தகம் தரும் சாதாரண வடிவம் டாப்பல்கேங்கர். ஆட்டம் உயர்நிலைக்குப் போனபின் அந்த இடத்தில் உட்கார நமக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான்: ராட்சசன். 1977 புத்தகத்திலேயே இருக்கிறான், புலித் தலையோடு. ராமாயணம் கேட்டு வளர்ந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துக் குழம்புவார். அவன் நேரே நம் காவியத்திலிருந்து அங்கே போகவில்லை. 1974-ல் ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில், பார்ப்பவர் நம்பும் ஆளின் உருவில் வந்து, மந்திரித்த குறுக்குவில் அம்புக்குச் சாகும் ராட்சசன் ஒருவன் வந்தான். அந்த இரண்டு குணங்களும் கைகாக்ஸின் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. நம்மிடம் இருப்பவன் இவனைவிட வளமானவன். சந்நியாசி வேடத்தில் பிச்சைக்கு வருவான், மானாகத் துள்ளுவான். நாடாள்வான், வீணை மீட்டுவான், தம்பியோடு தர்மம் வாதாடுவான். தமிழில் ஆட்டம் நடத்துபவர் அமெரிக்கப் பக்கத்திலிருந்து எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை இங்கிருந்து கொண்டுபோவது நல்லது.

ஆவி ஒன்று வேண்டும். வாளால் தீராத, அதன் கதையைத் தெரிந்துகொண்டால் மட்டுமே அடங்கும் எதிரி. கடைசியாக டிராகன். பெயரிலேயே இருப்பதால் சேர்க்கவில்லை. 1974-ன் விதிகளிலேயே டிராகன் தூங்கிக்கொண்டிருக்க இத்தனை சதவீதம், பேசத் தெரிந்திருக்க இத்தனை சதவீதம் என்று வாய்ப்புகள் இருந்தன. திருடலாமா, முகஸ்துதி செய்யலாமா, சண்டைதானா என்ற மூன்று கதவுகளும் முதல் நாளிலிருந்தே திறந்திருந்தன. அதைக் குகையின் கோடியில் கட்டிப்போட்டு, உள்ளே வந்ததும் அடி என்று நடத்துவது வீண். இளம் சிவப்பு டிராகன் ஒன்றை முதல் வாரமே மேகத்தினடியில் பறக்கவிட வேண்டும். ஆடுகள் குறைய வேண்டும், ஊரார் கப்பம் கட்ட வேண்டும். சண்டை ஆறு மாதம் கழித்து வரட்டும்.

ஓர்க் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். பல்லாண்டுகளாகக் கேள்வி கேட்காமல் வெட்டித் தள்ள வசதியான இனமாக அது இருந்தது. பேசும், குடும்பம் வைத்திருக்கும் ஓர் இனமே பிறவித் தீயது என்பது சரியா என்ற விவாதம் மெல்லச் சூடுபிடித்தது. 2024 பதிப்பில் ஓர்க் ஆட்டக்காரர்களே ஏற்கும் இனங்களில் ஒன்றாகிவிட்டது. 2025 ‘மான்ஸ்டர் மேனுவல்’ அதைத் தனி ஜந்துவாகப் பட்டியலிடவில்லை. அரசியலைத் தள்ளிவைத்தாலும், கொள்ளைக்காரர் இருக்கும் பட்டியலில் ஓர்க் கோரும் புதிய முடிவு எதுவுமில்லை. என் கணக்கில் அது அங்கேயே விழுந்துவிடுகிறது.

இந்தப் பன்னிரண்டில் எதற்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உரிமச் சர்ச்சை ஒன்றுக்குப் பிறகு, 2023 ஜனவரியில், ஆட்டத்தை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பிஹோல்டரும் மைண்ட் ஃப்ளேயரும் அதில் ஆட்டத்துக்குத் தரப்படவில்லை. இங்கே சொன்ன பன்னிரண்டும் ராட்சசனும் இருக்கின்றன. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் அதை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. தமிழில் இல்லை. மூலம் எதுவென்று குறிப்பிட்டால் போதும், மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. ஆட்டம் தெரிந்த தமிழர் நாலு பேர் சேர்ந்து இந்தப் பன்னிரண்டின் பக்கங்களையாவது முதலில் தமிழில் கொண்டுவாருங்கள்.